ஒரிகமி: சிற்பம் அல்ல, மடிப்பு

தொலைக்காட்சியில் ஒரிகமி, அதாவது தாளை மடித்து உருவம் செய்யும் ஜப்பானியக் கலை, வரும்போதெல்லாம் "காகிதச் சிற்பக்கலை" என்று ஒரு பெயரைச் சொல்கிறார்கள். சிறுவர் நிகழ்ச்சியில் அக்கா ஒருவர் சதுரத் தாள் எடுத்துத் தவளை மடித்துக் காட்டுவார். திரையின் கீழே "காகிதச் சிற்பம்" என்று எழுத்து ஓடும். ஜப்பானைப் பற்றிய விவரணப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுப்பார்கள். அங்கேயும் அதே சொல். விண்வெளித் தொலைநோக்கி பற்றிய செய்தி ஒன்றிலும் "காகிதச் சிற்ப முறையில் மடிக்கப்பட்ட திரை" என்று வாசித்தார்கள். அந்தத் திரையில் காகிதமும் இல்லை, சிற்பமும் இல்லை. இனியும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க ஏலாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஜப்பானிய மொழியில் மடித்தலைக் குறிக்கும் வினை 'ஒரு'. இதை நம் 'ஒரு'வோடு முடிச்சுப் போட ஆசைப்பட வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. அந்த வினையிலிருந்து 'ஒரி' வருகிறது. 'கமி' என்றால் தாள். இரண்டும் சேரும்போது நடுவில் உள்ள ககரம் மெலிந்து ஒலிக்கும். நம் எழுத்தில் அது தானாகவே அப்படித்தான் ஒலிக்கிறது. நான்கு உயிரும் குறில். ஆகவே தமிழில் 'ஒரிகமி' என்று எழுதுவதே சரி. 'ஓரிகாமி' என்ற நீட்டல் ஆங்கில வாயிலிருந்து வந்தது. நேரே ஜப்பானிய ஒலியை எழுத நம்மிடம் குறில் இருக்கும்போது ஆங்கிலேயனைக் கேட்டு நீட்டுவானேன்?

பழைய பொருள் வேறு. முற்காலத்தில் ஜப்பானில் ஒரிகமி என்றால் மடித்த பத்திரம். வாள் போன்ற விலைமதிப்பான பொருள்கள் அசல்தான் என்று சான்று எழுதி, தாளை மடித்துக் கொடுத்தார்கள். இன்றும் 'ஒரிகமி த்சுகி' என்றால் தரம் உறுதிசெய்யப்பட்டது என்று பொருள். மடித்து உருவம் செய்யும் விளையாட்டுக்கு அப்போது வேறு பெயர்கள் இருந்தன. 'ஒரிகத' அவற்றில் ஒன்று. 1797 இல் கியோத்தோவில் அச்சான கொக்கு மடிப்பு நூலின் தலைப்பில் இருப்பது ஒரிகத என்ற சொல்தான். பெயர் மாறியபோதும் 'ஒரி' மாறவில்லை. அந்த மொழிக்காரர் இந்தக் கலையின் உயிரை மடிப்பில்தான் கண்டார்கள்.

இப்போது சிற்பத்துக்கு வருவோம். சிற்பம் என்ற சொல் வடமொழிச் 'சில்ப'த்திலிருந்து வந்தது, அங்கே எந்தக் கைத்தொழிலையும் அது குறிக்கும், ஆகவே தாளுக்கும் பொருந்தும் என்று ஒரு நியாயம் சொல்கிறார்கள். வேரில் அப்படி இருக்கலாம். தமிழில் சிற்பம் என்றால் செதுக்குவது, குடைவது, வார்ப்பது. கல்லில் வேண்டாததை உளி நீக்கும்; சுதையில் வேண்டியதைக் கை அப்பும். ஒரிகமியில் நீக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. தொடங்கும்போது இருந்த சதுரம் முழுதாக உள்ளே இருக்கிறது. பிரித்தால் மடிப்புக் கோடுகளோடு அதே சதுரம் திரும்பி வரும். கல்லில் செய்த யானையைத் திரும்பப் பாறையாக்க முடியுமா? இந்தத் திரும்பி வரும் தன்மைதான் கலையின் முழு அழகு. சிற்பம் என்ற பெயர் அதையே மறைத்துவிடுகிறது. பனையோலையை மடித்துப் பிளா என்னும் ஓலைக் கிண்ணம் கோலிக் கூழ் வார்த்துத் தருகிறவரை நம்மூரில் ஓலைச் சிற்பி என்று யாரும் சொன்னதில்லை. கையில் நடப்பது மடிப்பு என்று எல்லாருக்கும் தெரியும்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான சான்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஒரிகமிக் கலைஞர் அகிரா யொஷிசவா (1911-2005) தடித்த தாளை இலேசாக நனைத்து மடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய விலங்குகளில் கூர்மையான விளிம்புகள் குறைவு. உடம்பு வளைந்து, புடைத்து, மூச்சு விடுவதுபோல இருக்கும். அவற்றைப் பார்த்தவர் சிற்பம் என்று வியந்தால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது அந்த ஆக்கத்துக்குக் கொடுக்கும் பாராட்டு. பாராட்டுச் சொல்லை எடுத்துக் கலைக்கே பெயராக வைத்தால், பிள்ளை மடித்த கடதாசிக் கப்பலையும் சிற்பம் என்று சொல்ல வேண்டி வரும்.

சரி, தாளுக்கு எந்தச் சொல்? 'காகிதம்' தூய தமிழ், 'கடதாசி' பேச்சு வழக்குக் கொச்சை என்று நினைக்கிறவர் பலர். காகிதம் பாரசீக, அரபு வழியாக வந்த சொல். கடதாசி போர்த்துக்கேயரின் 'கர்த்தாஸ்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு மூலம் அரபுக் 'கிர்த்தாஸ்'. இந்துமாக்கடலில் ஓடிய வணிகக் கப்பல்களுக்குப் போர்த்துக்கேயர் கொடுத்த அனுமதிச் சீட்டின் பெயரும் கர்த்தாஸ். அங்கே ஜப்பானில் சான்றுப் பத்திரத்தின் பெயர் கலைக்குப் போனது. இங்கே கப்பல் சீட்டின் பெயர் எல்லாத் தாளுக்கும் வந்தது. எனவே தூய்மை பேசிக் கடதாசியைத் தள்ளிவிட்டுக் காகிதத்தை வைப்பதில் பயன் ஒன்றும் இல்லை. தூய்மைதான் வேண்டுமென்றால் 'தாள்' இருக்கிறது. நெல்லின் தாளைக் குறித்த சொல், எழுதும் ஒற்றைக்கும் ஆகிவந்தது. இலக்கணம் பார்ப்பவர்கள் தாளும் மடிப்பும் புணர்ந்தால் 'தாண்மடிப்பு' என்று எழுதச் சொல்வார்கள். விதி சரிதான், வாசிக்கிற பிள்ளைக்கு விளங்காது. 'தாள் மடிப்பு' என்று பிரித்தே எழுதலாம்.

மடிப்பா, மடக்கா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நம் பேச்சில் மடக்குதல் நிறைய உண்டு: மடக்குக் கதிரை, மடக்குக் கத்தி, காலை மடக்கி இருத்தல். கவனித்தால் மடக்குவதற்கு ஒரு மூட்டு வேண்டும். அது முன்பே இருக்கும் இடத்தில்தான் வளையும். மடிப்பு அப்படியல்ல. சேலையை மடிக்கிறோம், வேட்டியை மடிக்கிறோம், பரப்பின்மேல் பரப்பு படிய, கோடு அப்போதுதான் பிறக்கிறது. வெறும் தாளில் நகத்தால் அழுத்தி முதல் கோட்டைப் போடுவது மடிப்புத்தான். மடிப்புக்கே என் வாக்கு.

ஆக, பேச்சிலும் சிறுவர் நிகழ்ச்சியிலும் கடதாசி மடிப்பு. எழுத்தில் தாள் மடிப்பு. கலையாகப் பேசும்போது தாள் மடிப்புக் கலை. அறிவியலில் மடிப்பு என்றாலே போதும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 இல் ஏவப்பட்டது. அதன் வெயில் தடுப்புத் திரை ஐந்து அடுக்கு, ஏறத்தாழ ஒரு டென்னிஸ் திடல் அளவு, கப்டன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதை மடித்து ஏவூர்தித் தலைக்குள் அடக்கினார்கள். ஜப்பானிய விஞ்ஞானி கொரியோ மியூரா வகுத்த மடிப்பில் எதிரெதிர் மூலை இரண்டைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே வீச்சில் விரியும். 1995 இல் ஜப்பான் விண்ணுக்கு அனுப்பிய கலம் ஒன்றின் சூரியத் தகட்டில் அதைப் பயன்படுத்தினார்கள். அதை 'மியூரா மடிப்பு' என்று சொன்னால் முடிந்தது. 2006 இல் பால் ரொத்மண்ட் என்னும் விஞ்ஞானி டி.என்.ஏ. இழையை மடித்துச் சிரித்த முகம் வரைந்து காட்டினார். 'டி.என்.ஏ. ஒரிகமி' என்னும் அந்த முறைக்கு 'டி.என்.ஏ. காகிதச் சிற்பம்' என்று எழுதிப் பாருங்கள், பொருள் எங்கே போகிறது என்று தெரியும்.

படங்களிலும் இதே தொல்லை. 1982 இல் வந்த 'பிளேட் ரன்னர்' முடிவில் காஃப் என்னும் காவலன் விட்டுப்போகும் ஒற்றைக்கொம்புக் குதிரையைப் பார்த்துத்தான், அவன் அங்கே வந்துபோனதைக் கதாநாயகன் உணர்கிறான். வெள்ளி நிறத் தாளில் மடித்த சின்ன உருவம் அது. அந்தப் பாத்திரம் படம் முழுக்கக் கையில் அகப்பட்டதை மடித்துக்கொண்டே இருப்பவன். 'மடிப்பு' என்ற சொல் காதில் விழுந்தால்தான் அந்தப் பழக்கமும் கடைசிக் குதிரையும் பார்வையாளர் மனதில் சேரும். 'சிற்பம்', 'பொம்மை' என்று ஆளுக்கொரு சொல் போட்டால் இழை அறுந்துபோகும். மொழிபெயர்ப்பவர் படத்தை முழுதாகப் பார்க்காமல் வசனத் தாளை மட்டும் பார்த்து வேலை செய்வதன் விளைவு இது. ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடுகிறார்கள். கை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை.

செய்முறை சொல்லும் இடத்திலும் அப்படியே. யொஷிசவா வகுத்த கோடு, அம்புக்குறி முறையில் இரண்டு அடிப்படை மடிப்புகள் உண்டு: முகடு மேலே நிற்பது ஒன்று, உள்ளே விழுவது மற்றது. இவற்றை 'மலை மடிப்பு', 'பள்ளத்தாக்கு மடிப்பு' என்று அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். மலையே இல்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பள்ளத்தாக்கை முதலில் விளக்கிவிட்டு, பிறகு தாளை மடிக்கச் சொல்வதா? மேடு பள்ளம் நம் வாயில் எப்போதும் இருக்கும் இணை. மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு. இரண்டும் சின்னச் சொற்கள், சொல்லும்போதே விரல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கத்தரிக்கோல் வந்தால் அது வேறு கலை. ஜப்பானியரும் பெயரை மாற்றிவிடுகிறார்கள். 'கிரி' என்றால் வெட்டு, எனவே கிரிகமி. நமக்கும் 'தாள் வெட்டு' என்ற சொல் கைவசம் உண்டு. தொலைக்காட்சியில் வெட்டி விரித்த பூவையும் வெட்டாமல் மடித்த கொக்கையும் ஒரே பெயரில் காட்டுகிறார்கள். நிகழ்ச்சிக்கு எழுத்துப் போடுகிறவர் மேசையில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெயரை எழுதட்டும்.