ஹெலிகாப்டரின் தலைமேல் சுழல்வது விசிறி அல்ல

“இரட்டை விசிறி கொண்ட இந்த நடுத்தர ஹெலிகாப்டர், ஒரு விசிறி பழுதானாலும் மற்றொன்றின் உதவியால் பத்திரமாகப் பறக்கும்.” ஒரு காணொளியின் தமிழ் வர்ணனையில் கேட்ட வாக்கியம் இது. திரையில் தெரிந்தது ஏடபிள்யூ139 என்ற ஹெலிகாப்டர். அதன் தலைமேல் இருக்கும் சுழலி (ஆங்கிலத்தில் ரோட்டர்) ஒன்றே ஒன்றுதான். இரண்டாக இருப்பவை எஞ்சின்கள். இதே தவற்றை வேறு இடங்களிலும் பலமுறை படித்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ரோட்டர் என்பது சுழற்றுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. சக்கரத்துக்கு லத்தீனில் ‘ரோட்டா’ என்று பெயர். மின்மோட்டாருக்குள் சுழலும் பகுதியும் ரோட்டர்தான். அதைத் தமிழில் சுழலி என்கிறோம். ஹெலிகாப்டர் என்ற பெயரோ கிரேக்கச் சொற்களைச் சேர்த்து பிரான்சில் 1861-இல் உருவானது. ‘ஹெலிக்ஸ்’ என்றால் திருகுச்சுருள், ‘ப்டெரான்’ என்றால் இறக்கை. ஹெலி, காப்டர் என்று பிரித்துப் பழகிவிட்டோம். உண்மையில் பிரிய வேண்டிய இடம் ஹெலிகோ, ப்டெர். ஈழத்தமிழில் வழங்கும் ‘உலங்கு வானூர்தி’ எனக்கு மிகவும் பிடித்த பெயர். உலங்கு என்றால் கொசு என்று பழைய அகராதிகள் சொல்கின்றன. நின்ற இடத்திலேயே ரீங்கரித்து மிதக்கும் ஒன்றுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனாலும் ஹெலிகாப்டர் என்பதை மாற்றச் சொல்லி நான் சண்டை போடப் போவதில்லை. அது எல்லாருக்கும் புரிகிறது, தவறாக எதையும் சொல்லவில்லை.

விசிறி அப்படியல்ல, தவறான படத்தை மனதில் ஏற்றுகிறது. விசிறியின் வேலை காற்றை நம் பக்கம் விசிறுவது. அது தான் இருக்கும் இடத்தைவிட்டு எழும்புவதில்லை. ஹெலிகாப்டரின் தலைமேல் சுழல்பவை நீண்ட, ஒடுங்கிய இறக்கைகள். அவற்றில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விமான இறக்கையின் வடிவமே தெரியும். விமானம் முழு உடலோடும் ஓடித் தன் இறக்கைக்குக் காற்றைத் தேடித் தருகிறது. ஹெலிகாப்டர் இறக்கையை மட்டும் ஓடவிடுகிறது. அதனால்தான் நின்ற இடத்திலிருந்தே எழ முடிகிறது. ஏடபிள்யூ139-இல் இப்படி ஐந்து இறக்கைகள். அவை சுழன்று வரையும் வட்டத்தின் விட்டம் 13.8 மீட்டர்.

விசிறிக்கும் இறக்கை உண்டே, அதுவும் காற்றைத் தள்ளுகிறதே என்று கேட்கலாம். சரி, சுழலியும் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே எழுகிறது. ஆனால் வீட்டு விசிறியின் இறக்கை முடுக்கிய கோணத்திலேயே இருக்கும். சுழலியின் இறக்கைகளை விமானி எல்லாவற்றையும் ஒருசேரத் திருப்பினால் ஹெலிகாப்டர் ஏறும், இறங்கும். ஒவ்வோர் இறக்கையும் ஒரே சுற்றுக்குள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சாயும்படி செய்தால் முன்னே போகும், பக்கவாட்டில் நகரும். தூக்குவதும் திருப்புவதும் முன்னே இழுப்பதும் இந்த ஒன்றுதான். இதற்கு விசிறி என்று பெயர் வைத்தால் படிப்பவருக்கு இதில் எதுவுமே தோன்றாது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். ஹெலிகாப்டரில் உண்மையாகவே ஒரு விசிறி இருக்கலாம்! எச்160 என்ற ஹெலிகாப்டரின் வாலைப் பாருங்கள். வாலின் செங்குத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை, அதற்குள் நெருக்கமாகப் பல சிறு இதழ்கள் சுழல்கின்றன. ஃபெனெஸ்ட்ரான் என்று பெயர், சன்னலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எச்160-இல் அதை 12 பாகை சாய்த்துவைத்திருப்பதால் வாலைச் சற்றே தூக்கவும் உதவுகிறது. இதை ‘வால்விசிறி’ என்றால் யாருக்கும் சட்டென்று புரியும். ஏடபிள்யூ139-இன் வாலில் திறந்தவெளியில் சுழல்வது ‘வால் சுழலி’. இரண்டும் வேறு வடிவமைப்புகள். தலைமேல் இருப்பதற்கே விசிறி என்ற சொல்லைச் செலவழித்துவிட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்ல என்ன மிஞ்சும்?

சிலர் ‘காற்றாடி’ என்றும் எழுதுகிறார்கள். காற்றால் ஆடுவது காற்றாடி. எஞ்சின்கள் இரண்டும் நின்று, கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுழற்ற, விமானி இறங்கும் அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டும் அந்தப் பெயர் பொருந்தும். மற்ற நேரத்தில் சுழற்றுவது எஞ்சின்.

அந்த எஞ்சினுக்கே வருகிறேன். இரட்டை எஞ்சின் என்பதற்கும் சுழலிகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பே கிடையாது. இரண்டு டர்பைன் எஞ்சின்களின் ஆற்றலும் ஒரே பல்சக்கரப் பெட்டிக்குப் போகிறது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் வருவதை அந்தப் பெட்டி ஏறத்தாழ 300 சுற்றாகக் குறைத்துச் சுழலிக்குத் தருகிறது. நடுவே ஒவ்வோர் எஞ்சினுக்கும் மிதிவண்டியில் இருப்பதுபோல ஒரு ஃப்ரீவீல். ஓர் எஞ்சின் நின்றால் அதை ஃப்ரீவீல் விலக்கிவிடும், மற்ற எஞ்சின் சுழலியையும் வால் சுழலியையும் தொடர்ந்து சுழற்றும். இரட்டை எஞ்சின் வைப்பதன் முதன்மையான பயனே இதுதான். சினூக் போல உண்மையிலேயே இரட்டைச் சுழலி உள்ளவையும் இருக்கின்றன. ஆனால் அதில் ஒரு சுழலி போனால் மற்றதால் காப்பாற்ற முடியாது, விழுந்துவிடும். அந்த வர்ணனை வாக்கியம் உலகத்தில் எந்த ஹெலிகாப்டருக்கும் உண்மையல்ல.

படத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. ‘இரட்டை’ என்று கண்டதும் எது இரட்டை என்று யாரும் கேட்பதில்லை, மனதில் தோன்றுவதை ஒட்டிவிடுகிறார்கள். ‘நடுத்தர’ என்பதும் அப்படித்தான். அதில் தரம் என்ற சொல் ஒளிந்திருப்பதால் சுமாரான ஹெலிகாப்டர் என்று படிக்கிறவர்கள் உண்டு. பேச்சு எடையைப் பற்றியது. 6,400 கிலோ எடையோடு எழும்ப ஏடபிள்யூ139-க்குச் சான்று உண்டு. எடை என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதுமே!

அந்த வர்ணனையை நான் இப்படி எழுதியிருப்பேன்: “நடுத்தர எடையுள்ள இந்த ஹெலிகாப்டருக்கு எஞ்சின் இரண்டு, தலைமேல் ஐந்து இறக்கைகள் கொண்ட சுழலி ஒன்று. ஓர் எஞ்சின் நின்றாலும் மற்ற எஞ்சின் சுழலியை நிற்க விடாது.”