தொண்ணூறு பேரும் பத்துப் பேரும்

செங்கோட்டைப் பக்கம் புளியரையில் இருக்கிற பெரியப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். பெரிய வைத்தியம் என்றால் மலை தாண்டிப் போவது எங்கள் பக்கத்தில் பலருக்கும் பழக்கம். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது. மலையாளம் கலந்த தமிழில் டாக்டர் பொறுமையாக விளக்கினார்: "இவரைப் போல நூறு பேருக்குச் செய்தால் தொண்ணூறு பேர் நல்லபடியா வீட்டுக்குப் போவாங்க." பெரியப்பா உடனே தலையாட்டினார். தேதியும் குறித்தாயிற்று.

அன்று ராத்திரி பார்க்க வந்த அத்தை கேட்டாள்: "அப்ப பத்துப் பேரு செத்துப் போயிருவாவளா?" விடிந்ததும் பெரியப்பா ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்.

பயந்துவிட்டார் என்று வீட்டில் பேசினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவரிடம் நடந்தது எல்லா மனித மூளையிலும் நடப்பதுதான்.

1982-ல் பார்பரா மெக்நீல், ஏமோஸ் ட்வெர்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தால் ஆபரேஷனா, கதிர்வீச்சா என்பது கேள்வி. ஆபரேஷன் செய்த 100 பேரில் 10 பேர் அந்தச் சமயத்திலேயே இறக்கிறார்கள். கதிர்வீச்சில் அப்போது யாரும் இறப்பதில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷன் செய்தவர்களில் 34 பேரும், கதிர்வீச்சு எடுத்தவர்களில் 22 பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு சாராரிடம் இந்தக் கணக்கைப் பிழைப்பவர்களின் எண்ணிக்கையாகச் சொன்னார்கள். அவர்களில் 18 சதவீதம் பேர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு சாராரிடம் அதே கணக்கை இறப்பவர்களின் எண்ணிக்கையாகச் சொன்னபோது அது 44 சதவீதம் ஆனது. பதில் சொன்னவர்களில் நோயாளிகளோடு மாணவர்களும் டாக்டர்களும் இருந்தார்கள். டாக்டர்களிடமும் இந்தச் சாய்வு குறைந்தபாடில்லை. நான் இதைப் பெரியப்பாவிடம் அழுத்திச் சொன்னேன்.

ஏன் இப்படி? 100 பேர் பிழைக்கிற இடத்தில் 90 பேர் பிழைக்கிறார்கள் என்றால் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். யாருமே சாகாத இடத்தில் 10 பேர் சாகிறார்கள் என்றால் நெஞ்சு பதறுகிறது. எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதை வார்த்தைதான் முடிவு செய்கிறது. பிழைப்பவர்களை எண்ணினால் ஒவ்வொருவரும் வரவு. இறப்பவர்களை எண்ணினால் ஒவ்வொருவரும் இழப்பு. வரவையும் இழப்பையும் மனசு ஒரே தராசில் போடுவதில்லை என்பதுதான் டேனியல் கானிமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் வைத்த கோட்பாட்டின் கரு. பிறகு அளந்து பார்த்தபோது, ஒரு இழப்பு அதே அளவு வரவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கிறது என்று தெரிந்தது.

2006-ல் லண்டனில், இப்படி முடிவெடுக்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கையில் 50 பவுண்டு. "20 உங்களுக்கு" என்றாலும் "30 போய்விடும்" என்றாலும் ஒன்றுதான்; அது வேண்டாம் என்றால் சூதாடலாம். முதல் மாதிரி சொன்னபோது 43 சதவீதத் தடவை சூதாடினார்கள். இரண்டாவது மாதிரி சொன்னபோது 62 சதவீதம். வார்த்தையின் போக்கிலேயே முடிவெடுத்த நேரங்களில், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி கூடுதலாக வேலை செய்தது.

வார்த்தையே இல்லாமலும் இது நடக்கும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஆரியங்காவு தாண்டி ஒரு ஹோட்டலில் உட்காருங்கள். கேட்காமலே பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீர் வரும். பச்சைத் தண்ணீர் கேட்டால் தருவார்கள்தான், ஆனால் நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்ததையே குடிக்கிறார்கள். சும்மா இருந்தால் எது நடக்குமோ அதுவே தேர்வாகிவிடுகிறது. உடலுறுப்பு தானத்தில் "வேண்டாம் என்றால் எழுதிக் கொடு" என்பது ஆஸ்திரியாவின் முறை. "வேண்டும் என்றால் எழுதிக் கொடு" என்பது ஜெர்மனியின் முறை. 2003-ல் வந்த ஆய்வின்படி ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம் பேர் சம்மதித்தவர்கள். ஜெர்மனியில் 12 சதவீதம். காகிதத்தில் சம்மதம் இருப்பதாலேயே தானம் நடந்துவிடாது, அது வேறு விஷயம். ஆனாலும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஜெர்மன் பேசுகிற மக்கள். மனிதாபிமானம் எல்லைக்கோட்டில் அவ்வளவு மாறிவிடுமா?

சரி, பெரியப்பாவுக்கு வருகிறேன். மறு வாரம் அவரை மறுபடி கூட்டிப் போனேன். இரண்டு விதமாகவும் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து என்று நூறு வட்டம் போட்டு, பத்தை மட்டும் கறுப்பாக்கி நீட்டினார். பெரியப்பா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். வெள்ளையையும் எண்ணினார். அப்புறம் கேட்டார்: "இந்தப் பத்துப் பேரும் யாரு டாக்டர்? அவுகளுக்கு வேற என்ன சீக்கு இருந்துச்சு?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.