வாரம் ஒரு மாத்திரை

லக்னோவில் கோமதி ஆற்றங்கரையில் சத்தர் மன்சில் என்ற நவாப் காலத்து அரண்மனை இருக்கிறது. 1951இல் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தை நேரு திறந்துவைத்தது அங்கேதான். நவாபுகளின் குவிமாடங்களுக்குக் கீழே பல பத்தாண்டுகள் சோதனைக்குழாய்கள் குடியிருந்தன. அந்த நிறுவனத்தில் வேதியியலாளர் நித்யா ஆனந்தும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கருத்தடை மூலக்கூறு சென்ட்குரோமன். பெயரில் பாதி 'சென்ட்ரல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மீதி, குரோமன் என்னும் கரிம வளையம்.

கருத்தடை மாத்திரை என்றதும் நினைவுக்கு வருவது தினமும் விழுங்கும் ஹார்மோன் மாத்திரை. அது சினைமுட்டை வெளிவருவதையே தடுக்கிறது. சென்ட்குரோமனில் அந்த ஹார்மோன்களுக்கு உரிய ஸ்டீராய்டு சட்டகமே கிடையாது. சினைமுட்டை வழக்கம்போல வெளிவரும். மருந்து கைவைப்பது கருப்பையின் உட்சுவரில்.

கருவைத் தாங்குவதற்கு அந்தச் சுவர் தடிக்க வேண்டும். தடிக்கச் சொல்லும் கட்டளை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனிடமிருந்து வருகிறது. உயிரணுவுக்குள் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தின் குழிக்குள் ஈஸ்ட்ரோஜன் போய் அமர்ந்ததும், குழியின் வாயை ஒரு புரதச் சுருள் மூடிபோல மூடிக்கொள்ளும். மூடிய பிறகுதான் துணைப் புரதங்கள் வந்து ஒட்டி, மரபணுக்களை இயக்கும். சென்ட்குரோமனும் அதே குழிக்குள் நுழைந்துவிடும். ஆனால் அதற்கு நைட்ரஜன் அணு கொண்ட நீண்ட வால் ஒன்று உண்டு. வால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி சரியாக மூடாது. துணைப் புரதங்களுக்கும் ஒட்ட இடம் இல்லை. கட்டளை அங்கேயே நின்றுவிடுகிறது. கரு வந்து சேரும்போது சுவர் தயாராக இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், எலும்பில் இதே மூலக்கூறு ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. திசுவுக்குத் திசு துணைப் புரதங்கள் வேறுபடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். என் கண்ணுக்கு இந்த மருந்தின் மிக அழகான பகுதி இதுதான்.

1991இல் இது 'சஹேலி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் 'சாயா' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. மலையாளத் தேநீர் அல்ல, நாம் சாயை என்று சொல்லும் நிழல். குறையும் உண்டு: சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். கருத்தடைக்காக மாத்திரை எடுப்பவருக்கு அது சின்னக் கலக்கம் அல்ல.

வாரம் ஒரு மாத்திரை போதும் என்பது எப்படி? உடலுக்குள் போன மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகிறது. மாத்திரை 30 மில்லிகிராம். எளிய கணக்காகப் பார்த்தால், ஒரு வாரத்தில் 15 மிஞ்சும்; அடுத்த மாத்திரையோடு 45 ஆகும்; அதற்கடுத்த வாரம் 52.5. இப்படியே ஏறி 60ஐ நெருங்கி நின்றுவிடும். அதன்பின் ஒவ்வொரு வாரமும் 60க்கும் 30க்கும் இடையே ஏறி இறங்கும். ஆனால் அந்த நிலையை எட்டப் பல வாரங்கள் பிடிக்கும். கருத்தடையில் அதுவரை காத்திருக்க முடியாது. முதல் மூன்று மாதங்கள் மட்டும் வாரத்துக்கு இரண்டு மாத்திரை என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.