ஐந்து வினாடி ஆயுள்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சார், மீம்ஸை யார் கண்டுபிடிச்சாங்க?" தனி ஆள் யாரும் இல்லை தம்பி. ஆனால் அது கொத்துக்கொத்தாக விளைந்த வயல் எது என்று கேட்டால் ஃபோர்சான் (4chan) என்ற இணையதளத்தைக் காட்டுவேன். அங்கே அப்படி விளைந்ததற்கு என்னைக் கேட்டால் ஒரே காரணம்தான்: அந்தத் தளத்துக்கு மறதி ஜாஸ்தி.

வரலாற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 2001இல் ஃபுதாபா சேனல் என்று ஒரு தளம் தொடங்கியது. பெயர் சொல்லாமல் படம் போடலாம், பதிலுக்கும் படம் போடலாம். நியூயார்க்கில் அனிமே பைத்தியம் பிடித்த 15 வயதுப் பையன் கிறிஸ்டோபர் பூல் அந்தத் தளத்தை இயக்கும் நிரலை எடுத்தான். உள்ளே எல்லாம் ஜப்பானிய மொழி. ஆல்டாவிஸ்டாவின் பேபல்ஃபிஷ் மொழிபெயர்ப்பானில் போட்டு, அரைகுறையாகப் புரிந்துகொண்டு, 2003 அக்டோபர் 1 அன்று ஃபோர்சானைத் திறந்துவிட்டான். 'மூட்' என்பது அவன் அங்கே வைத்துக்கொண்ட பெயர். நிஜப் பெயர் 2008 வரை வெளியே தெரியாது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த நிரலில் திரிகளுக்கு, அதாவது ஒரு பதிவும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த சரங்களுக்கு, எண்ணிக்கை வரம்பு உண்டு. ஒரு பலகையில், அதாவது தளத்தின் ஒரு பிரிவில், 150 திரிகளுக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். புதுத்திரி உச்சியில் வந்து உட்காரும். ஏற்கெனவே இருக்கும் திரிக்கு யாராவது பதில் போட்டால் அதுவும் உச்சிக்குத் தாவும். மற்றதெல்லாம் ஒரு படி இறங்கும். கடைசிப் படியில் இருந்தது கீழே விழுந்தால் அவ்வளவுதான், அழிந்துபோகும், அப்போதெல்லாம் பழைய பதிவு என்று தளத்தில் தேடி எடுக்க எதுவும் இருக்காது. ஒரே திரி உச்சியிலேயே குந்தியிருக்கவும் முடியாது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பதில்கள் வந்துவிட்டால் அப்புறம் அது ஏறாது. 'சாகே' என்று ஒன்றும் உண்டு, ஜப்பானிய மொழியில் இறக்குவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது: அப்போது இருந்த மின்னஞ்சல் கட்டத்தில் அதை எழுதிப் பதில் போட்டால் பதில் சேரும், திரி ஏறாது. பேசிக்கொண்டே ஒருவரை ஓரங்கட்டுவதற்கு இதைவிட நாசூக்கான வழி எனக்குத் தெரியாது.

எம்ஐடி, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், அங்கே எதை வேண்டுமானாலும் போடலாம் என்றிருந்த 'பி' பலகையை இரண்டு வாரம் உட்கார்ந்து எண்ணினார்கள். சுமார் 55 லட்சம் பதிவுகள். 2011இல் முடிவை வெளியிட்டார்கள். நடுத்தரமான ஒரு திரி முதல் பக்கத்தில் இருந்தது 5 வினாடி, தளத்தில் மொத்தமாக உயிரோடு இருந்தது 4 நிமிடத்துக்கும் குறைவு. 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் பெயரே இல்லை. (நம்மூரில் இப்படி ஒரு குப்பைத்தொட்டியை எண்ணப் போகிறேன், நிதி கொடுங்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்டுப் பார்க்கட்டும், கமிட்டி சிரித்தே அனுப்பிவிடும். எண்ணினால்தானே தெரிகிறது?)

இப்போது யோசியுங்கள். ஒரு படம் பிழைக்க வேண்டுமென்றால் என்ன வழி? யாராவது அதைத் தன் கணினியில் சேமித்து, நாளைக்கு மறுபடி போட வேண்டும். வாசல் கோலம் மாதிரி. காலையில் தண்ணீர் தெளித்தால் நேற்றுப் போட்டது போய்விடும், ஆனால் பிடித்த கோலம் நோட்டிலும் விரலிலும் இருக்கும், திரும்ப வரும்போது ஒரு புள்ளி கூடியோ ஒரு சுழி மாறியோ வரும். படியெடுப்பது, மாறுவது, வடிகட்டப்படுவது. டார்வின் பாடத்தில் படித்த மூன்றும் இங்கே வந்துவிட்டன, அதிலும் தலைமுறைக்குத் தலைமுறை சில மணி நேர இடைவெளிதான். சனிக்கிழமைதோறும் பூனைப் படங்களில் கொச்சை ஆங்கிலம் எழுதிப் போட்டு விளையாடியவர்கள் இப்படித்தான் உலகம் முழுக்கப் பூனையை அனுப்பினார்கள்.

ஒரே ஒரு பரம்பரையைக் காட்டுகிறேன். பூல் ஒருநாள் விளையாட்டாக ஒரு வடிகட்டி வைத்தார்: யார் 'எக்' என்று எழுதினாலும் அது 'டக்' என்று மாறிவிடும். விளைவு, எக்ரோல் என்ற தின்பண்டம் டக்ரோல் ஆனது. உடனே ஒருவர் வாத்துக்குச் சக்கரம் மாட்டிப் படம் போட்டார். அப்புறம் ஏதோ சுவாரசியமான லிங்க் என்று ஆசைகாட்டி, சொடுக்கினால் இந்த வாத்தைக் காட்டுவது வழக்கமானது. 2007இல் வாத்து இருந்த இடத்தில் பாடகர் ரிக் ஆஸ்ட்லியின் 1987ஆம் ஆண்டுப் பாட்டு வந்து உட்கார, அதுதான் ரிக்ரோல். நிர்வாகியின் ஒரு குறும்பு, இரண்டு பிறழ்வு, உலகப் புகழ்.

நிர்வாகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சம்பளமில்லாத 'ஜேனிட்டர்'கள் (துப்புரவாளர்கள்) விதி மீறிய பதிவுகளைக் கூட்டித் தள்ளுவார்கள், தடை போடும் அதிகாரம் மாடரேட்டர்களுக்கு. வசவும் வக்கிரமும் மண்டிக்கிடந்த இடத்தில் விளம்பரம் தர நிறுவனங்கள் தயங்கின. எல்லாம் மறதியின் அருள் என்று நான் புகழ்வதாக நினைக்க வேண்டாம், அந்த வக்கிரத்தால் காயப்பட்டவர்களுக்குத் திரி 4 நிமிடத்தில் அழிந்ததால் என்ன ஆறுதல்?

தவிர, மறதி பார்வையாளருக்குத்தான். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் புகுந்த ஒரு மாணவன் அதை 'பி' பலகையில் வந்து பீற்றிக்கொண்டான். 2010 ஏப்ரலில் டென்னசி நீதிமன்றத்தில் பூல் சாட்சிக் கூண்டேறி, ரிக்ரோல் என்றால் என்ன என்பது முதல் ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. திரி எப்போதோ கீழே விழுந்துவிட்டது, எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஐபி முகவரி சர்வரில் பத்திரமாக இருந்தது.