80-ஐத் தாண்டினால் வரி எங்கே உடையும்?

கணினி அறிவியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீளமான வரியை எழுதி ஃபைலை சேவ் செய்தால், எடிட்டர் அதை ஐந்து வரியாகப் பிரித்துவிடுகிறது. சில வரிகளைத் தொடுவதே இல்லை. எங்கே உடைப்பது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அதென்ன 80?"

ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற எல்லையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் (துளைகளால் தகவலைப் பதியும் காகித அட்டை) 80 நெடுவரிசைகள். ஓர் அட்டைக்கு ஒரு வரி. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழி அதிலும் 72-ஐத்தான் நிரலாகப் படித்தது. ஐபிஎம் 704 கணினி ஓர் அட்டை வரிசையை 36 பிட் கொண்ட இரண்டு துண்டுகளாக எடுத்துக்கொண்டதே காரணம். மிச்சமிருந்த எட்டில் வரிசை எண் போட்டார்கள், அட்டைக்கட்டு கைதவறி விழுந்தால் திரும்ப அடுக்குவதற்காக. 1978-இல் வந்த விடி100 என்ற கணினி முனையத்தின் திரையும் 80-ஐயே பிடித்துக்கொண்டது. பைத்தான் நிரல்மொழியின் நடை வழிகாட்டியான பெப் 8 இன்றும் 79 என்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை எழுதுகிறவர்கள், நீளமான வரிக்கு எச்சரிக்கும் எல்லையை 2020-இல்தான் 100-க்கு உயர்த்தினார்கள். 80 என்பது கண்ணுக்கென்றே அமைந்த எண் என்று நம்புகிறவர்கள் உண்டு. குறுகிய வரி படிக்க எளிது, சரி. ஆனால் அந்த எண் அட்டையிலிருந்து வந்தது. அறிவியல் படித்தவர்களே ஓர் எண்ணுக்கு மகிமை கற்பிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி உடைக்கும் வேலை. விம் எடிட்டரில் டெக்ஸ்ட்விட்த் என்ற வரி அகல எண்ணை அமைத்தால், எல்லைக்கு முந்தைய இடைவெளியில் வரி மடங்கும். உரைநடைக்கு அது போதும். நிரலில் எது எதோடு சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. வாசகி பார்ப்பது ஃபார்மேட்டர் என்ற வேறு கருவியின் வேலை. அது நிரலை இலக்கணப்படி பிரித்து, ஒவ்வோர் அடைப்புக்குறி இணையையும் ஒரு குழுவாக எடுத்துக்கொள்கிறது. திறக்கும் குறிக்குப் பிறகும், ஒவ்வொரு காற்புள்ளிக்குப் பிறகும், மூடும் குறிக்கு முன்பும் வரும் இடங்கள் உடையக்கூடியவை. விதி இதுதான்: மீதமுள்ள இடத்தில் குழு முழுவதும் கொள்ளுமானால் எதையும் உடைக்காதே, கொள்ளாவிட்டால் அந்தக் குழுவின் எல்லா இடங்களிலும் உடை. பிறகு உள்ளே இருக்கும் குழுக்களிடம் இதே கேள்வியைக் கேள்.

கணக்கிடு(அரிசி, தள்ளுபடி(பருப்பு, 10), சுங்கம்(எண்ணெய், 5))

இது எல்லைக்குள் அடங்காவிட்டால் இப்படி ஆகும்:

கணக்கிடு(
    அரிசி,
    தள்ளுபடி(பருப்பு, 10),
    சுங்கம்(எண்ணெய், 5)
)

வெளிக் குழு உடைந்தது. உள்ளே இருந்தவற்றுக்கு இடம் கிடைத்துவிட்டதால் அவை முழுசாக நிற்கின்றன.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வெளிக் குழுவின் அகலம் தெரிய உள்ளே இருப்பதையெல்லாம் அளக்க வேண்டும். உள்ளே போனதும் மறுபடி அளக்க வேண்டும். குழுவுக்குள் குழுவாக ஆயிரம் இருந்தால், ஆக உள்ளே இருப்பதை ஆயிரம் முறை அளந்திருப்போம். 1980-இல் கணினி அறிஞர் டெரெக் ஓப்பன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தீர்த்தது. அந்தத் தீர்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இரண்டு செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரலின் மீது நகர்கின்றன. முன்னால் செல்வது அளக்கிறது, பின்னால் வருவது அச்சிடுகிறது. அளப்பது, திறக்கும் அடைப்புக்குறியைக் கண்டதும் 'அகலம் தெரியாது' என்று குறித்து ஓர் அடுக்கின் (ஸ்டாக்) மேல் வைக்கிறது. மூடும் அடைப்புக்குறி வந்ததும் மேலிருப்பதை எடுத்து அகலத்தை எழுதிவிடுகிறது. அகலம் தெரிந்த பிறகே அச்சிடும் செயல் அந்த இடத்தைக் கடக்கும்.

இப்போது அளப்பது வரியின் எல்லையைத் தாண்டிவிட்டது, வெளிக் குழு இன்னும் மூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலும் அளக்க வேண்டுமா? வேண்டியதில்லை! உண்மையான அகலம் 81 ஆனாலும் 8,000 ஆனாலும் பதில் ஒன்றுதான்: கொள்ளாது. ஆகவே அதன் அகலம் முடிவிலி என்று எழுதி, அடுக்கின் அடியிலிருந்து அதை உருவிவிடுகிறது. அடியில் இருப்பது எப்போதும் ஆக வெளியே உள்ள குழு. உடைய வேண்டியதும் அதுதான். மூடிய குழுக்கள் மேல்முனையில் வெளியேற, கொள்ளாத குழுக்கள் கீழ்முனையில் வெளியேறுகின்றன.

இதனால் அளக்கும் செயல் ஒரு வரியின் அகலத்துக்கு மேல் முன்னே ஓட வேண்டியதே இல்லை. நேரம் நிரலின் நீளத்துக்கு ஏற்பவும், தேவைப்படும் நினைவகம் வரியின் அகலத்துக்கு ஏற்பவும் மட்டுமே கூடுகின்றன. நாம் தொல்லையாக நினைக்கும் அந்த எல்லைதான் கணக்கைச் சுருக்குகிறது.

ரஸ்ட் நிரல்மொழியின் கம்பைலருக்குள் நிரலை அச்சிடும் பகுதி இன்றும் ஓப்பனின் முறையையே பின்பற்றுகிறது. பிரெட்டியர் என்ற ஃபார்மேட்டருக்கு அடிப்படை, கணினி அறிஞர் பிலிப் வாட்லர் இதே கேள்விக்குத் தந்த வேறொரு வடிவம். 'உடனடிப் பயன் என்ன' என்று கேட்டு இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி மறுப்பது பெருந்தவறு என்பேன். நிரலை அழகாக அடுக்கும் கணக்குக்கு 1980-இல் யார் பயன் சொல்லியிருக்க முடியும்?

தமிழுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. மேலே சொன்ன கணக்கெல்லாம் அகலத்தை நம்பியவை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியீடு, அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். பைத்தான் அதன் நீளம் 5 என்கிறது. திரையிலோ 'ர' எடுக்கும் இடமும் 'ணை' எடுக்கும் இடமும் வேறு. அதனால் தமிழில் குறிப்புரை எழுதினால், எடிட்டரில் எல்லையைக் காட்டும் செங்குத்துக் கோடும் கருவி சொல்லும் எண்ணும் ஒத்துப்போவதில்லை. இதை அளந்து ஒழுங்குபடுத்துவது ஒரு நல்ல முதுகலை ஆய்வுக்குப் போதுமான பொருள். நம் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

கடைசியாக, வாசகி தன் எடிட்டரில் என்ன எண் வைக்கலாம்? ஃபார்மேட்டர்களில், பிரெட்டியரில் இயல்பாக 80, பைத்தானுக்கான பிளாக்கில் 88, ரஸ்ட்டுக்கான ரஸ்ட்ஃபார்மட்டில் 100. குழுவாக எழுதும் நிரல் என்றால் எண்ணைத் திட்டத்தின் அமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். அவரவர் எடிட்டரில் அவரவர் எண் இருந்தால், ஒவ்வொரு சேவுக்கும் யாரும் தொடாத வரிகள் மாறியதாக, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் காட்டிக்கொண்டே இருக்கும்.