ஊதா வெளிச்சத்தை எட்டிப் பார்க்காதீர்கள்

"சார், வீட்டில் ஃப்யூசர் கட்டப் போகிறேன். சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் ஈயம் வைக்கணும்?"

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். கேட்டவர் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர். கையில் பென்சிலால் போட்ட வரைபடம், கண்ணில் ஆர்வம். கேள்விதான் கோணல். ஈயம் வைத்தால் எல்லாக் கதிரும் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தார்.

ஃப்யூசர் என்பது அணுக்கருக்களை இணைக்கும் சின்னக் கருவி, டெலிவிஷன் முன்னோடி ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1960களில் உருவாக்கியது. காற்றை உறிஞ்சி எடுத்த எவர்சில்வர் கோளம், அதன் நடுவே சின்னக் கம்பிக் கூண்டு. கோளத்துக்குள் துளி டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) வாயுவை விட்டு, கூண்டுக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். அயனிகள் கூண்டை நோக்கிப் பாய்ந்து மோதுவதில் சில அணுக்கருக்கள் இணைந்துவிடுகின்றன. அமெரிக்காவில் கார் ஷெட்டிலும் நிலவறையிலும் இதைக் கட்டியவர்கள் உண்டு. டெய்லர் வில்சன் 2008இல் இதைச் செய்தபோது அவருக்கு வயது 14. இதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கனவு காண வேண்டாம், போட்டதில் துளிகூடத் திரும்பாது. எக்ஸ் கதிரும், இணைவில் பிறக்கும் நியூட்ரானும் மட்டும் தவறாமல் வரும்.

முதலில் எக்ஸ் கதிர். கூண்டிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் சுவரில் மோதும்போது பிறப்பது. மார்பகத்தை எக்ஸ் ரே எடுக்கும் எங்கள் மேமோகிராம் கருவி ஏறக்குறைய 28 கிலோவோல்ட்டில், ஓரிரு வினாடிதான் ஓடும். ஃப்யூசர் 30, 40 கிலோவோல்ட்டில் நிமிடக்கணக்கில் ஓடுகிறது. "எவர்சில்வர் சுவர் தடுக்காதா சார்?" என்றார். தடுக்கும், ஓரளவுக்கு. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 40 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர், 3 மில்லிமீட்டர் இரும்பைத் தாண்டி வருவது பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. அதே சுவரில் 60க்குப் போனால் நூற்றுக்கு ஆறு பங்கு வெளியே வந்துவிடும். சுவர் அதேதான். 'இன்னும் கொஞ்சம்' என்று வோல்ட்டேஜ் குமிழைத் திருப்பியதுதான் வித்தியாசம்.

சுவரைவிட மோசம், உள்ளே பார்க்கச் சுவரில் பதித்த கண்ணாடி ஜன்னல். உள்ளே கூண்டைச் சுற்றி ஊதா ஒளி நட்சத்திரம் மாதிரி விரியும். அழகுதான், பார்க்காமல் இருக்க மனசு வராது. ஆனால் இரும்பு அளவுக்குச் சாதாரணக் கண்ணாடி கதிரைத் தடுக்காது. அந்த வட்டத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோவது, எக்ஸ் ரே குழாயின் வாயில் கண்ணை வைப்பது போல. கேமராவை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து திரையில் பாருங்கள். கண்ணாடிக்கு ஈயக் கண்ணாடி மூடியும் வேண்டும். ஈயத்துக்கு இங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறது.

நியூட்ரானுக்கு அது உதவாது. 2.45 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான், ஈயத்தின் கனத்த அணுக்கருவில் பட்டுப் பெரிதாக வேகம் குறையாமலே திரும்பும். கேரம் ஸ்ட்ரைக்கர் பலகை ஓரத்தில் பட்டுத் திரும்புகிறதே, அப்படி. தன் எடையுள்ள ஹைட்ரஜனில் மோதினால்தான் வேகத்தை இழக்கும். அதற்குத் தண்ணீர், பாரஃபின் மெழுகு, பாலிஎத்திலீன் வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் எங்கள் 15 மெகாவோல்ட் லினாக் கருவியிலும் நியூட்ரான் பிறக்கும்; அந்த அறைக் கதவை வெட்டிப் பார்த்தால் ஈயம், போரான் கலந்த பாலிஎத்திலீன், மறுபடி ஈயம் என்று அடுக்கு இருக்கும். பிளாஸ்டிக் நியூட்ரானைத் தணிக்கும், போரான் விழுங்கும், அப்போது பிறக்கும் காமாவைக் கடைசி ஈயம் பிடிக்கும்.

பயமுறுத்தவும் விரும்பவில்லை. வினாடிக்குப் பத்து லட்சம் நியூட்ரான் என்பது அமெச்சூர் கருவிக்குப் பெரிய சாதனை. தடுப்பே இல்லாவிட்டாலும் அதிலிருந்து ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 12 மைக்ரோசீவெர்ட்தான் (சீவெர்ட், உடல் வாங்கும் கதிரின் அலகு) கிடைக்கும். பொதுமக்களுக்கு ஆண்டு வரம்பான 1 மில்லிசீவெர்ட்டை எட்ட எண்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று மீட்டர் தூரத்தில் இருந்தால் ஒன்பதில் ஒரு பங்கு. மெழுகு வாங்கும் காசுக்கு, தள்ளி உட்கார்ந்து இயக்க நீளமான கேபிள் வாங்கலாம். ஆனால் பக்கத்து அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

"கைகர் கவுண்டர் வாங்கிவிட்டேன் சார்" என்றார். கதிர் பட்டால் டிக் என்று அடிக்கும் கருவிதான், ஆனால் அது நியூட்ரானைப் பார்க்காது. நான் வாங்கும் கதிரளவைப் பதிய என் சட்டையில் தொங்கும் டிஎல்டி பேட்ஜும் பார்க்காது. போதாக்குறைக்கு, உயர் மின்னழுத்தம் கிளப்பும் மின் இரைச்சலில் கைகர் சும்மாவே டிக் டிக் என்று அடிக்கும். அதை இணைவு என்று நம்பிக் கொண்டாடியவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரானுக்கு ஹீலியம்-3 குழாய் அல்லது குமிழி டிடெக்டர் வேண்டும்.

கதிரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இந்தப் பொழுதுபோக்கில் ஒரே நொடியில் ஆளைக் கொல்லக்கூடியது மின்சாரம்தான். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். நீளமான காப்புக் கைப்பிடியைப் பிடித்து, எர்த் செய்த கம்பியால் தொட்டு அந்த சார்ஜை இறக்காமல் எதையும் தொடக் கூடாது. தனியாகவும் ஓட்டக் கூடாது.

இந்தியாவில் எக்ஸ் கதிர் உண்டாக்கும் கருவியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் இல்லாமல் ஓட்ட முடியாது, டியூட்டீரியமும் நினைத்தவுடன் வாங்கக்கூடிய சரக்கல்ல என்று சொன்னேன். முகம் வாடிப்போனது. டியூட்டீரியம் வேண்டாம், வெறும் காற்றில், சில ஆயிரம் வோல்ட்டுக்குள், கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியர் முன்னால் அந்த ஊதா ஒளியை வரவழைத்துப் பாருங்கள் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கண்ணாடிக்கு முன்னால் ஸ்டாண்டில் கேமரா, மேசைக்கு அந்தப் பக்கம் சிரித்தபடி அவர். பெரிதாக்கிப் பார்த்தேன். எர்த் கம்பி எங்கேயும் தென்படவில்லை. வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்டேன்.