ஆவுளியாக் கறிக்கு விலை இருக்கும் வரை

கால்நடை மருத்துவனாக எனக்கு அன்றாட வேலை ஆடு மாடுகளோடுதான். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருப்பதால், கரை ஒதுங்கும் உயிர்களைப் பிரேதப் பரிசோதனை செய்யவும் வனத்துறை கூப்பிடும். தொண்டிக்குத் தெற்கே நான் முதன்முதலாக அறுத்துப் பார்த்த ஆவுளியா, அதாவது கடல்பசு, இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. வயிறு நிறையத் தாழை என்கிற கடல்புல், பச்சை மாறாமல். கழுத்துத் தோலில் வலையின் கட்டம் கட்டமான தழும்பு. மூச்சுக்குழாயில் நுரை. துடுப்பைத் தூக்கினால் அக்குளில் மடிக்காம்பு. அழுத்தியதும் பால் கசிந்தது. குட்டியை யாரும் பார்க்கவில்லை.

ஆவுளியா மீன் அல்ல. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். திருக்கை வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகும்.

இதைச் சொன்னால் ஊரில் உடனே வரும் பதில்: "தானா செத்ததுதானே சார், கடல்ல வீணாத்தானே போகும்?" அந்தக் கறியை வாங்க ஆள் காத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. மாட்டியது உயிரோடு துடிக்கும்போது வலையை அறுப்பதா, கொஞ்சம் பொறுப்பதா என்று முடிவெடுக்க இருப்பது சில நிமிடங்கள். கறிக்கு விலை இருந்தால் கை தயங்கும். வாங்குகிறவர் கடலுக்கே போகாதவராக இருக்கலாம். அந்தத் தயக்கத்துக்குக் காசு கொடுப்பவர் அவர்தான்.

மூலத்துக்கு நல்லது, ஆண்மைக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். மருத்துவனாகச் சொல்கிறேன், அப்படி எந்த நிரூபணமும் கிடையாது. எப்போது செத்தது, என்ன நோய் என்று தெரியாத விலங்கின் கறியை ஒளித்து வைத்து விற்பதைக் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்காதீர்கள்.

பசு ஆண்டுக்கொரு கன்று போடும். ஆவுளியா பருவமடையவே பத்து வருடம் ஆகலாம். சினைக்காலம் 13 மாதத்துக்கு மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 வருடம் ஆகும். ஒரு தாய் போனால் அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறையே வேண்டும்.

2022இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் இருக்கிறது. அதனால் நம் பக்கம் பிடித்தால் குற்றமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இருக்கிறது, புலியோடு சேர்த்து. எந்தக் கடலில் வேட்டையாடினாலும், கறியை விற்றாலும் 3 முதல் 7 வருடம் வரை சிறை. செத்துக் கிடந்தது என்பதால் அதை வெட்டி விற்கும் உரிமை வந்துவிடாது.

வலையில் கண்டால் முதலில் மூக்கைத் தண்ணீருக்கு மேலே பிடியுங்கள். பிறகு வலையை அறுங்கள். வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, மூக்கில் தண்ணீர் ஏறிவிடும். படகில் ஏற்றவும் வேண்டாம். வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, வலை நட்டத்துக்கும் அங்கேயே கேளுங்கள். விடுவித்தவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறார்கள்.

திருப்பாலைக்குடிப் பக்கம் வலையை அறுத்து ஒன்றை விட்ட அண்ணன் ஒருவர், தன் மாட்டுக்கு ஊசி போட வந்தபோது என்னிடம் சொன்னார்: "விட்டதும் நேரா கீழ போயிருச்சு சார். செத்த நேரங்கழிச்சு தூரத்துல மேல வந்து, புஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு. அதக் கேட்டப்புறந்தான் நான் மூச்சு விட்டேன்."